ஜெஃப்ரி அறுத்த பலகை

ஆடுகிற பொருள் எதைக் கண்டாலும் ஜெஃப்ரிக்குப் பொறுக்காது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினான்கு வருடமாக இயந்திரம் பழுதுபார்க்கிறவர். அங்கே ஆட்டம் என்றால் கோளாறு, இறுக்கினால் தீர்ந்தது. ஜெலுத்தோங்கில் இருக்கும் தன் ஃப்ளாட்டிலும் ஸ்பானரும் கையுமாகத்தான் திரிவார். அவர் வீட்டு மேசை ஆடி யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மகள் லினெட். நாலரை வயது, பெருமூளை வாதம். வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். உட்கார வைத்தால் மட்டும் உடம்பு துணிமூட்டை மாதிரி சரிந்துவிடும். விழாமல் இருக்கவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். பிறகு இட்லியை எந்தக் கையால் எடுப்பாள்? மகள் தன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும், ஜெஃப்ரிக்கு அது ஒன்றுதான் ஆசை.

பட்டறைக்காரர் சும்மா இருப்பாரா? அக்குள் வரை பக்கப்பலகை, நான்கு பெல்ட், ஒரு நாற்காலி தயார். லினெட் கம்பம் போல் நிமிர்ந்தாள். மனைவி மோனிக்கா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆனால் தட்டை எட்டக் குனிய முடியவில்லை, ஊட்டத்தான் வேண்டியிருந்தது. ஆறு மாதம் கழித்து பெல்ட்டைக் கழற்றினால், பிள்ளை முன்னைவிட வேகமாகச் சரிந்தாள். இது எப்படி? கேள்வி அவரைக் குடைந்தெடுத்தது.

சிகிச்சை மையத்தில் பயிற்சி தரும் ஷாஹிரா, லினெட்டை வெறும் பெஞ்சில் உட்கார வைத்தாள். அக்குளில் பிடித்தாள், பிறகு விலாவில், பிறகு இடுப்பில். விலாவில் பிடித்தபோது பிள்ளை லேசாக ஆடித் தானே நிமிர்ந்தாள். இடுப்புக்கு இறங்கியதும் மடங்கினாள்.

"பாத்தீங்களாண்ணே? விலாவுக்கு மேல அவளே பாத்துக்கிறா. நீங்க அக்குள் வரைக்கும் கட்டிப்போட்டு, அந்த உடம்புக்கு வேலையே இல்லாம பண்ணிட்டீங்க."

"ஆடுறாளேம்மா?"

"ஆடட்டும்லா. ஆடினாத்தானே நிமிரப் பழகுவா."

ஜெஃப்ரிக்குச் சுருக்கென்றது. ஆசையாய்ச் செய்ததே விலங்காகிவிட்டதே! அன்றைக்கே பலகையை விலா உயரத்துக்கு அறுத்தார். பிறகு ஷாஹிரா சொல்லச் சொல்ல, அது இரண்டிரண்டு விரற்கடையாக இறங்கியது. மகள் எந்தப் பக்கம் சாய்கிறாள், எத்தனை நொடியில் திரும்புகிறாள் என்று கண்கொட்டாமல் பார்த்தார். வலப்பக்கம் சாய்ந்தால் சட்டென்று திரும்புகிறாள், இடப்பக்கம் என்றால் ஏன் இவ்வளவு நேரம்? ஃபோனில் ஷாஹிராவைத் துளைத்தெடுத்தார்.

எட்டு மாதத்தில் இடுப்புப் பட்டை மட்டும்தான் மிச்சம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். லினெட் இட்லித் தட்டை நோக்கிக் குனிந்தாள், இடப்பக்கம் சாய்ந்தாள். பழக்கதோஷம், ஜெஃப்ரியின் கை அவள் விலாவைப் பிடித்துவிட்டது.

"கைய எடுங்கப்பா!"

எடுத்தார். அவள் ஆடினாள், இன்னும் கொஞ்சம் ஆடினாள், மெல்ல நிமிர்ந்தாள். இட்லித் துண்டு பாதி வாய்க்கும் பாதி கன்னத்துக்கும் போனது. மோனிக்கா துடைக்க எழுந்தாள்.

"உக்காரு, அவளே பாத்துக்குவா" என்றார் ஜெஃப்ரி. தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.