தெர்மலோடு லின்ட்சே பக்கம் மான் பார்க்கப் போன காலை

இந்தப் பயணம் ஊர் பார்க்கிற ஆசையில் போனதல்ல. என் கணவர் சிவா வருகிற நவம்பரில், பக்கத்து ஊரான அஜக்சில் இருக்கிற ஒரு அண்ணையின் குழுவோடு, முதல் தடவையாகத் துவக்கு எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போவதாக அறிவித்தார். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, எல்லாம் சட்டப்படிதான். ஆனால் நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனிதர் அவர். எனக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

"முதல்ல துவக்கில்லாமல் ஒருநாள் காட்டுக்குப் போவம்" என்றேன். "எது மான், எது மாடு, எது மனிசர் எண்டு பிழையில்லாமல் சொன்னீங்களெண்டால் நவம்பரிலை போங்கோ. இல்லாட்டி வீட்டிலை இருங்கோ."

இதற்கு அவர் கண்டுபிடித்த பதில்தான் தெர்மல் மொனோகுலர். ஒரு கைக்குள் அடங்கும், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி. வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைப் பார்க்கும். சூடானதெல்லாம் வெள்ளையாகவும், குளிர்ந்ததெல்லாம் கறுப்பாகவும் தெரியும். விலை வரியோடு ஆயிரத்து எண்ணூறு டொலர். எங்கள் கராஜ் கதவு ஆறு மாதமாகப் பாதியில் நிற்கிறது என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்துவைக்கிறேன்.

பெட்டி வந்து ஒரு கிழமை வீட்டில் நிம்மதி இல்லை. சோறு வேகிற குக்கரைப் பார்த்தார். நான் வெறுங்காலோடு நடந்துபோன பிறகு தரையில் என் பாதச்சூடு கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து, "இஞ்சை பாருமப்பா, இஞ்சை பாரும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார், கூட வந்த கையேட்டைத் தவிர.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை போனோம். புரட்டாதிச் சனி. மான் தேடப் போகிற வண்டியில் மரக்கறி ரோல்ஸும் இஞ்சித் தேத்தண்ணியும்தான் இருந்தன. ரூஜில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. சிவாவோடு வேலை செய்கிற குகன் பிறம்ரனிலிருந்து வந்து சேரும்போது ஐந்தே முக்கால். மட்டக்களப்புப் பெடியன், வேட்டையில் மூன்று வருட அனுபவம் உள்ளவன், நேரத்தில் மட்டும் அனுபவம் இல்லாதவன். அங்கிருந்து வடக்கே நூற்றைந்து கிலோமீற்றர், லின்ட்சே தாண்டி, குகனுக்குத் தெரிந்த ஒருவருடைய பண்ணை. போய்வர நாற்பது டொலர் பெற்றோல். பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். நீங்களும் கேட்காமல் யாருடைய காணிக்குள்ளும் கால் வைக்காதீர்கள்.

ஏழு மணி கழிந்து போய்ச் சேர்ந்தோம். இன்னும் சரியாக விடியவில்லை. வெளியே குளிர் இரண்டு பாகை. ஆண்கள் இருவரும் இறங்கவில்லை. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, முன்கண்ணாடிக்கு ஊடாகவே வயலை ஆராயத் தொடங்கினார்கள்.

"மச்சான், ஒரு ஆள் நிக்கிறான். எங்களைத்தான் பாக்கிறான்" என்றார் சிவா, குரலைத் தாழ்த்தி.

குகன் கருவியை வாங்கிப் பார்த்தான். "ஓம், நிக்கிறான். மொத்தமான ஆள்."

நான் பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெறும் வயல். பெட்டிக்குள் கிடந்த கையேட்டை எடுத்து, போன் வெளிச்சத்தில் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் படமே போட்டிருந்தது: கண்ணாடிக்கு ஊடாகச் சூடு தெரியாது, உங்கள் சொந்தச் சூடுதான் திரும்பித் தெரியும். அவர்கள் பத்து நிமிடமாக வேவு பார்த்த மொத்தமான ஆள் அவர்களேதான். குளிருக்குப் பயந்து வண்டிக்குள் இருந்து மான் பார்க்க நினைக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், இறங்குங்கள். குறைந்தது யன்னலையாவது இறக்குங்கள்.

இறங்கி வேலியோரமாக நடந்தபோது, உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கே சந்தோஷமாக இருந்தது. வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிறப் பற்றை மட்டும் தெரிந்த இடத்தில், கருவிக்குள் மூன்று மான்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. ஒன்று காதை அசைத்தது. மூச்சுவிடக்கூட மனம் வரவில்லை. சிவா என் காதுக்குள், "சொன்னனான்தானே" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறையும் மன்னித்துவிட்டேன்.

பிறகு அவர்கள் ஒரு மேட்டில் ஏறப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி, பண்ணை வாசற்படலையடியில் நிற்கிறேன் என்றேன். அங்கே காற்று முகத்தை அறுத்தது. காற்றுக்கு ஒதுங்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டுமா? கொஞ்சம் தள்ளி, பற்றையோரம் போய்க் குந்தியிருந்து, பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினேன். வேட்டைக்காரர் போடுகிற, கண்ணைக் குத்துகிற செம்மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தேன். பாதுகாப்புக்கென்று சிவாவே வாங்கித் தந்தது.

காற்று மேட்டுப் பக்கமிருந்து வந்ததால் அவர்களுடைய பேச்சு தெளிவாகக் கேட்டது.

"மச்சான், பற்றையடியிலை ஒண்டு. பெட்டை மான். குனிஞ்சு மேயுது."

"ஓம் ஓம். நல்லாக் கொழுத்திருக்கு" என்றான் குகன்.

நான் கோப்பையை மெல்லக் கீழே வைத்தேன். எனக்குப் பக்கத்திலா மான்? ஆசையோடு தலையை நிமிர்த்தினேன்.

"தலையை நிமித்திப் பாக்குது."

இடப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"அந்தப் பக்கம் திரும்புது மச்சான்."

வலப்பக்கம் பார்த்தேன். "இப்ப இஞ்சாலை திரும்புது" என்றார் என் கணவர்.

அப்போதுதான் விளங்கியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பி நின்று கத்தினேன். "இஞ்சேருங்கோ! அது நானப்பா!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே இறங்கி வந்தும் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ரோல்ஸ் பெட்டியையே எறிந்திருப்பேன்.

"இந்தச் சட்டை தெரியேல்லையோ உங்களுக்கு?"

"உதிலை நிறம் தெரியாதப்பா. எல்லாம் வெள்ளைதான்" என்றார் சிவா.

"அப்ப ஒருக்கா உந்தக் கருவியை இறக்கிப்போட்டுக் கண்ணாலை பாக்கிறதுதானே? நல்லா விடிஞ்சுட்டுதே!"

"அக்கா, நீங்க படலையடியில நிக்கிறதாத்தானே சொன்னீங்க" என்று குகன் இழுத்தான். பிழை என்னுடையதாம்!

திரும்பும் வழியில் போர்ட் பெரி என்ற சிற்றூரில் கோப்பிக்கு நிறுத்தினோம். கருவி எல்லாவற்றையும் குரலோடு பதிவு செய்திருந்தது. சிவா அதைப் போனுக்கு மாற்றி, இன்னும் சிரித்தபடியே ஓடவிட்டார். திரையில் வளைந்த மங்கல் முதுகு, குனிந்த தலை. என் தடித்த மேற்சட்டை உடற்சூட்டை மறைத்ததில் கையும் முகமும் தேத்தண்ணிக் கோப்பையும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. நானே பார்த்தாலும் மான் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு, நான் எழும்பிக் கத்துவதற்குச் சற்று முன், மேட்டில் மெதுவாகப் பேசியதால் எனக்குக் கேட்காமற்போன பகுதி வந்தது. "எவ்வளவு தூரம்?" என்று குகனின் குரல். "நூற்றைம்பது மீற்றர் வராது" என்று சிவாவின் குரல். கொஞ்சம் பொறுத்து அதே குரல் சொன்னது: "நவம்பரிலை உப்பிடி நிண்டால், எனக்குத் தப்பாது."

சிவா கை நீட்டி நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கோப்பி அப்படியே ஆறிப்போனது.

போக நினைக்கிறவர்களுக்கு: பெட்டியில் ஆயிரத்து இருநூறு மீற்றர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது, அங்கே ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரிகிற தூரம் மட்டுமே. அது என்னவென்று அடையாளம் காண்கிற தூரம் அதில் சிறு பங்குதான், பாதி மறைந்திருந்தால் அதுவும் இல்லை. குளிரில் பற்றரி சொன்ன நேரத்தில் பாதிகூட நிற்காது, மேலதிகமாக ஒன்று கொண்டுபோங்கள். வெயில் ஏறினால் கல்லும் மரமும் சூடாகிக் குழப்பும், விடிகாலைதான் நல்லது. வேட்டையில் இதைப் பாவிக்கலாமா என்று மாகாண விதிகளைப் பாருங்கள், மச்சான்மாரைக் கேட்காதீர்கள். கூட வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் மான் என்று சொல்லாதீர்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக வருகிறது. இது எழுதித் தெரியவேண்டிய விஷயமா?

நெடுஞ்சாலை முழுக்க நான் அவருக்குச் சொல்ல ஒரு பேச்சுத் தயாரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அவர் அஜக்ஸ் அண்ணைக்கு ஸ்பீக்கரில் அழைப்பு எடுத்தார்.

"அண்ணை, நவம்பருக்கு என்னை எண்ணாதேங்கோ."

மறுபக்கத்தில் பெரிய சிரிப்பு. "ஏன்ராப்பா, மனிசி விடேல்லையோ?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை அண்ணை" என்றார் சிவா. "கையிலை துவக்கு இருந்திருந்தால், இண்டைக்கு நான் அவவைச் சுட்டிருப்பன்."