சீட் பெல்ட்டின் கடைசி முழம்

துணி எதுவானாலும் லாண்டரி அக்கா முதலில் அதன் உள்பக்கத்தைத்தான் திருப்புவார். கடையில் புதுத் திரைச்சீலை வாங்கப் போனாலும் சரி, வீட்டுக்கு வந்தவர் கழற்றி மாட்டிய சட்டையானாலும் சரி, தையல் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு நீவு நீவி, மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் கீழே வைப்பார். சட்டைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தால், "கோவிச்சுக்காதீங்க, கை பழகிடுச்சு" என்பார். "வெளிப்பக்கம் எல்லாரும் பாக்குறதுக்குன்னு இருக்கு. நடந்ததெல்லாம் உள்ளதான் இருக்கும்."

கறைகளோடு அவருக்கு இருபது வருடப் பழக்கம். மருத்துவமனையிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்ததுமே எந்த விரிப்பு எந்த வார்டில் கிடந்தது என்று பிரித்துப் போட்டுவிடுவார். "இது எலும்பு வார்டு. மாவுக்கட்டு உதிர்ந்திருக்கு பாரு. இது கொழந்தைங்க வார்டு. மருந்தத் துப்பியிருக்கு. நல்லா பலமா துப்பியிருக்கு, நாளைக்கு வீட்டுக்குப் போயிடும்." அந்தக் குழந்தைகள் சொன்னபடி வீட்டுக்குப் போனார்களா என்று யாரும் விசாரித்ததில்லை.

லாண்டரி என்பது நீளமான ஓர் அறை. மூன்று பெரிய சலவை இயந்திரங்களில் ஒன்று சுற்றும்போது மெல்ல நடக்க ஆரம்பிக்கும் என்பதால் அதன் காலடியில் பழைய டயர் துண்டுகள் கொடுத்திருக்கும். மறுகோடியில், ஆவி கக்கும் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் அக்காவின் கணவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு, "சூடு, கைய எடு." நடுவில் நான்கு பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்து, நெருங்கி, விலகி, மடித்துக்கொண்டே இருப்பார்கள். இத்தனை பேருக்கும் சோறு போடுவது அந்த ஒரே மருத்துவமனைதான்.

வெளுத்த விரிப்புகள் காலை ஆறு மணிக்குள் அதன் பின்வாசலில் இறங்கியாக வேண்டும். வாடகை வண்டிக்காரரோ போனை எடுத்தால், "இதோ வந்துட்டே இருக்கேன்க்கா" என்பார். பின்னால் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்கும். ஒரே மாதத்தில் இரண்டு முறை தாமதம். மூன்றாவதற்கு இடமில்லை என்று மருத்துவமனை ஸ்டோர் அதிகாரி சொல்லிவிட்டார். "நோயாளிய எழுப்பி நிக்க வெச்சிட்டு உங்க வண்டிக்குக் காத்திருக்க முடியாதும்மா. இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளப் பாத்துப்பேன்." அக்கா அந்த வாரமே, நாற்பத்தாறு வயதில் டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். உரிமம் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திரட்டினால் ஒரு பழைய பிக்கப் வாங்கலாம். அது ஏமாற்றினால் இன்னொன்று வாங்க வழியில்லை.

வண்டி பார்க்கும் பொறுப்பைக் கணவரின் தம்பி தானாகவே எடுத்துக்கொண்டார். மெக்கானிக். "எங்கிட்ட விடுங்க அண்ணி. என்ஜின் மேல கைய வெச்சா போதும், அதோட பூர்வீகமே சொல்லிடுவேன்" என்று மார்தட்டி, ஒரே வாரத்தில் ஒன்றைப் பிடித்தும்விட்டார். வெள்ளை நிறம். பழைய வண்டிகள் விற்கும் ஒரு கொட்டகையில் நின்றது. மீட்டரில் வெறும் அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். முதல் சாவியிலேயே உறுமாமல் கிளம்பியது. கொழுந்தனார் பானட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "புதுப் பொண்ணு மாதிரி இருக்கு அண்ணி. யோசிக்கவே வேண்டாம்."

"நான் கொஞ்சம் உக்காந்து பாக்குறேன் தம்பி."

"அதுல என்ன இருக்கு? சீட்டுதானே!"

"சீட்டுதான். நான் என்ஜினயா பாக்கப் போறேன்?"

ஏறி உட்கார்ந்தார். இருக்கை உறை புத்தம் புதிது. அதன் ஓரத்தை விரலால் நெம்பி மூக்கை வைத்தார். வாசனைத் திரவியத்துக்கு அடியில் பிளீச்சிங் பவுடர் நெடி. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு எதற்கு இவ்வளவு பிளீச்சிங் பவுடர்? எழுந்த சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் சீட் பெல்ட்டை இழுத்தார். எல்லாரும் மார்பு வரைக்கும் இழுப்பார்கள். அக்கா விரிப்பை உதறுகிறவர் மாதிரி முழங்கை முழங்கையாக, இனி வராது என்கிற இடம் வரைக்கும் இழுத்தார். உள்ளே சுருண்டே கிடந்த கடைசி முழத்தில், ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் சாம்பல் நிறம். மறுபக்கம் மண் நிறம்.

"இது என்னங்க?" என்றார் விற்பவரிடம்.

"பழைய வண்டின்னா கறை இருக்கத்தானே செய்யும்க்கா!" விற்பவர் சிரித்தார். "டீ கீ கொட்டியிருக்கும்."

"டீ கொட்டினா வட்டமா காயும். வேர்வைன்னா மஞ்சளா, மேகம் மாதிரி பரவும். இது நேரா இருக்கு. தண்ணி வந்து நின்னு, ரெண்டு நாள் தங்கி, அப்புறம் வடிஞ்சிருக்கு. வெள்ளத்துல எவ்வளவு நாள் கெடந்துச்சு வண்டி?"

விற்பவரின் சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு வந்ததே போன மாசம்தான்க்கா" என்று முணுமுணுத்தார். கொழுந்தனார் குனிந்து ஸ்டீரிங்குக்கு அடியில் டார்ச் அடித்தார். ஒயர்களின் மூட்டுகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. இன்றைக்கு ஓடும், நாளைக்கும் ஓடலாம். என்றைக்காவது ஒரு விடியற்காலை, முழுச் சுமையோடு, நடுரோட்டில் விளக்கெல்லாம் அணைந்து நின்றுவிடும். அவர் நிமிர்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

அக்கா இறங்கி முந்தானையைச் சரிசெய்தார். "எங்க தம்பி என்ஜின் நல்லா இருக்குன்னு சொன்னாரு. என்ஜின் நல்லாதான் இருக்கு. எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

திரும்பும் வழியெல்லாம் கொழுந்தனார் பேசவில்லை. அக்காவே ஆரம்பித்தார். "ஏன் தம்பி, உங்கண்ணன் மாதிரி ஆயிட்டீங்க?" அதற்குத்தான் அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

அடுத்த வண்டியைக் கண்டுபிடித்தது அக்காதான். விற்பவர் ஒரு நாளிதழ் ஏஜென்ட். பதினோரு வருடமாகக் கட்டுக்கட்டாகப் பத்திரிகை சுமந்த பிக்கப். மீட்டரைப் பார்த்த கொழுந்தனார் இரண்டு தரம் எண்ணினார். மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரம்.

"அண்ணி, நெலாவுக்குக் கிட்டத்தட்ட போய்ச் சேந்திருச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி."

"போற வழியில எங்கயும் நிக்கலல்ல?"

ஏஜென்ட் கேட்காமலேயே ஒப்பிக்கத் தொடங்கினார். "மூணாவது கியர் காலைல மொரண்டு பண்ணும்மா. திட்டாதீங்க, ரெண்டாவது தடவ விழுந்துடும். எடப்பக்கக் கண்ணாடி பாதிதான் எறங்கும். வைப்பர் ஒண்ணு வேலை செய்யும், இன்னொண்ணு அத வேடிக்கை பாக்கும். பெரிய வண்டி எடுத்துட்டேன், இல்லேன்னா இத விக்கவே மாட்டேன்."

"காலைல எத்தன மணிக்கு எடுப்பீங்க?"

"மூணரைக்கு. லேட்டாப் போச்சுன்னா அது பழைய பேப்பர்தானேம்மா."

இருக்கையில் அச்சு மை ஏறிக் கறுத்திருந்தது. ஓட்டுபவர் முதுகு படும் இடத்தில் வேர்வை மேகம். கதவின் கைப்பிடி அருகே பதினோரு வருட விரல்கள். பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். கறுப்பு, பிறகு கொஞ்சம் கறுப்பு, உள்ளே போகப்போகச் சாம்பல், கடைசி முழம் புதுசு. "அழுக்குதான்" என்றார். "ஆனா ஒவ்வொண்ணும் அது விழ வேண்டிய எடத்துல விழுந்திருக்கு. யாரும் வந்து கை வைக்கல." பிறகு கொழுந்தனார் பக்கம் திரும்பினார். "மேல நான் பாத்துட்டேன். அடியில எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னாத்தான் எடுப்பேன் தம்பி."

கொழுந்தனார் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். மார்தட்டல் இல்லை. "கிளட்ச் மாத்தணும். பின்னாடி ஸ்பிரிங் பட்டை ஒண்ணு வெடிச்சிருக்கு, அதயும் மாத்தணும். மத்தபடி..." ஒயர் ஒன்றைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "ஓடும் அண்ணி."

முதல் நாள் காலையில் மூன்றாவது கியர் இரண்டாவது தடவையும் விழவில்லை. மூன்றாவது தடவையும் விழவில்லை. அக்கா திட்டவில்லை. இரண்டாவது கியரிலேயே, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடிக்க அடிக்க, ஊரையெல்லாம் எழுப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஐந்து ஐம்பத்தெட்டு. மூட்டைகள் இறங்கின. ஸ்டோர் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

இது நடந்து ஒன்றே கால் வருடம் ஆகிறது. ஒப்பந்தம் அவரிடமேதான் இருக்கிறது. மடிக்கும் பெண்கள் இப்போது ஐந்து பேர். ஐந்தே முக்காலுக்கெல்லாம் பிக்கப் மருத்துவமனைப் பின்வாசலில் நிற்கும். ரிவர்ஸ் மட்டும் அக்காவுக்கு இன்னும் கைவரவில்லை. "வாங்க, வாங்க, எடம் நெறைய இருக்கு!" என்று காவலாளி கையாட்டுவார். அக்கா அதை நம்புவதில்லை. என்ஜினை ஓடவிட்டு இறங்குவார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே தன் கையை விரித்து ஒரு சாண் வைத்துப் பார்ப்பார். திரும்ப வந்து ஏறி, அந்த ஒரு சாணில் பாதியை மட்டும் பின்னுக்கு எடுப்பார்.