சித்தப்பாவின் ஜப்பான் கும்பிடு

ஜப்பானில், கோபேயில் கப்பல் கம்பெனி வேலையிலிருந்த என் சித்தப்பா, கல்யாணம் செய்துகொள்வதற்காக அந்தமானில் ஹேடோவிலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியபோது எனக்கு ஏழு வயது இருக்கும். டிரான்சிஸ்டர் வரும் என்று அப்பாவும், நைலக்ஸ் சேலை வரும் என்று அம்மாவும் காத்திருந்தார்கள். அவர் கொண்டுவந்ததில் பாதிக்குமேல் பழக்கவழக்கங்கள்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றினால், அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட இரண்டு கையாலும் வாங்குவார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பார்த்துத் தலை தாழ்த்துவார். “தட்டுல என்னத்தத் தேடுதாரு ஒங்க தம்பி?” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். போன புதிதில் தனக்கும் சிரிப்புத்தான் வந்தது, இப்போது இதெல்லாம் இல்லாமல் முடியவில்லை என்றார் சித்தப்பா. அம்மாவுக்கும் அதுவே நடந்தது. காலை அவசரத்தில் செருப்பு தயாராகத் திரும்பி நிற்கும் சுகத்தைக் கண்டுகொண்டாள். அப்புறம் அப்பா தாறுமாறாகக் கழற்றிப் போட்டால் அவருக்குத் திட்டு விழுந்தது.

எனக்குப் பிடித்தது கும்பிடு. கை கூப்பக் கூடாது. கைகள் தொடையோடு ஒட்டியிருக்க, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். பெரியவர்களென்றால் இன்னும் தாழ. ஓரிடத்தில் நிற்காத பிள்ளையான எனக்கு இது நல்ல வேலையாகப் போயிற்று. கோயில் சாமியாருக்கு, ரேஷன் கடை பெங்காலிக்கு, பக்கத்து வீட்டு ஆட்டுக்கு என்று பாகுபாடில்லாமல் குனிந்தேன்.

கல்யாணத்துக்குப் பார்த்திருந்த பெண், பக்கத்தில் மின்னி பே என்ற இடத்தில் இருந்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். “ஏல, செத்த உக்காரு. தரை தேஞ்சிரப் போவுது” என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கப்பல் கிளம்புகிறது. அதற்குள் பேசி முடிக்காவிட்டால் அவர் தனியாகத்தான் கோபேக்குத் திரும்ப வேண்டும். அடுத்த லீவு எப்போது கிடைக்குமென்று அவருக்கே தெரியாது.

பெண்ணின் அப்பா தச்சர். எங்களைப்போல் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவரில்லை, வெள்ளைக்காரன் காலத்திலேயே தீவுக்கு வந்தவர். அவருக்கு உச்சபட்ச மரியாதை காட்ட வேண்டுமென்று சித்தப்பா என்னைப் பழக்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவோடு நாங்கள் இருவரும் போனோம். சித்தப்பா மூன்று சட்டை மாற்றியதையும், வழியெல்லாம் என் கையைப் பிசைந்துகொண்டே வந்ததையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

தச்சர் மாமா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். சித்தப்பாவும் நானும் அணிவகுத்து நின்று, ஒரே சமயத்தில் குனிந்தோம். எங்கள் வாழ்நாளிலேயே அத்தனை அழகாகக் குனிந்ததில்லை.

நிமிர்ந்தபோது மாமா குனிந்திருந்தார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன, முதுகு பலகைபோல் நேராக இருந்தது. எங்களைவிட ரொம்பத் தாழ. நான் சந்தோஷத்தில் கை தட்டப்போனேன். ஆனால் அவர் நிமிரவே இல்லை. தோள் மட்டும் நடுங்கியது. உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்து தோளைக் கட்டிப்பிடித்தாள்.

“யாருமில்லங்க, கோயி நஹீ. நம்ம தமிழாளுங்கதான். ஜப்பான்காரன் போயி எத்தன வருசமாச்சு. நிமிருங்க” என்றாள்.

அவரை உள்ளே கூட்டிப்போனாள். சன்னல் திரைக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. காப்பி வரவில்லை. வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் வந்து, “இன்னொரு நாளு பாத்துக்கிடலாம்” என்றாள். அப்படி ஒரு நாள் வரவில்லை. சித்தப்பா தனியாகத்தான் கப்பல் ஏறினார்.

அன்று திரும்பும் வழியில் அப்பா மெதுவாகப் பேசினார். “சண்டைக் காலத்துல இங்க ஜப்பான்காரன் ராச்சியந்தானல. பட்டாளத்தானக் கண்டு குனியலன்னா நடுரோட்டுல வச்சு அடிப்பானாம். நமக்கு அந்த நெனப்பே வரலியே.” சித்தப்பா சாலையோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “சித்தப்பா, ஒங்களவிட அந்த மாமாதான் நல்லாக் குனிஞ்சாரு. அவருட்ட போயிப் படிச்சிட்டு வரட்டா?”

அப்பா என்னைத் திருப்பி வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டதில் எனக்குக் கோபமான கோபம். மாமா குனிந்தது மறந்துவிடக் கூடாதே என்று, ஹேடோ வரைக்கும் வழியெல்லாம் அதேபோல் தாழத் தாழக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.