கோழிப்பேனுக்கு மாத்திரை

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை ஏற்ற லாரி ஓட்டிக்கொண்டு போவேன். அங்கிருந்த சூப்பர்வைசரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அதன் பையில் எப்போதும் அரிப்பு மாத்திரை. கோழிப்பேன் கடித்துச் சொறிந்துகொண்டு வரும் பெண்களுக்கு ஒன்று வெட்டிக் கொடுப்பார்.

“ஏனுங்க, பேனுக்கு மருந்து அடிக்கலாமில்லீங்க?” என்றேன்.

“மருந்தடிச்சா முட்டை குறைஞ்சுருமுங்க. இதைப் போட்டா அரிப்பு நின்னுரும்.”

பேன் கடித்தால் உடம்பில் கிளம்பி அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத்தான் அந்த மாத்திரை தடுக்கும். பேனை ஒன்றும் செய்யாது. அது கடித்துக்கொண்டேதான் இருந்தது.

ஒருநாள், மாத்திரை போட்டிருந்த அக்கா ஒருவர் கண் செருகி முட்டை ட்ரேயைக் கீழே போட்டுவிட்டார்.

“தூங்கறதுக்கா இங்க வாரே?” என்று அவரைப் பிடித்துக் கத்தினார் சூப்பர்வைசர்.

அன்று எனக்கும் கையெல்லாம் அரித்தது. எனக்கும் ஒரு மாத்திரை கேட்டேன். சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு, அக்கறையாகச் சொன்னார்.

“வேண்டாமுங்க. நீங்க வண்டி ஓட்டறவரு. இதைப் போட்டா தூக்கம் வந்துருமுங்க.”

கீழே உட்கார்ந்து முட்டை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கும் அது கேட்டது.