தறியில் ஏது கிரீஸ்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று ஆரணியில் புது வீடு கட்டுகிற பாதிப் பேர் கேட்டுக்கும் கிரில்லுக்கும் என் பட்டறைக்குத்தான் வருகிறார்கள். என் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. மீதி விரல்களால் நான் வைக்கிற வெல்டிங்கை முழுக் கைக்காரன் வைத்துக் காட்டட்டும், பார்க்கலாம். நானாக முன்னுக்கு வந்தவன் என்று ஊர் சொல்கிறது, நானும் மறுப்பதில்லை. ஆனால் அதில் ஒரு நர்ஸம்மாவுக்கும் பங்கு உண்டு.

அப்போது செய்யாரில் தகரம் வளைக்கிற கம்பெனி ஒன்றில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெடலை ஒரு முறை மிதித்தால் அந்த மெஷின் ஒரே ஒரு தடவைதான் தகரத்தின் மேல் இறங்கி அடிக்க வேண்டும். சில நாளாகத் தானாகவே இன்னோர் அடி இறங்குகிறது என்று சொல்லியிருந்தோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று அடித்த தகரத்தை எடுக்கக் கை நீட்டினேன். அந்த இன்னோர் அடி என் விரல்களின் மேல் இறங்கியது.

சூப்பர்வைசர் கையைத் துணியில் சுற்றிக் காரில் ஏற்றினார். செய்யாரில் இருந்த ஆஸ்பத்திரிகளைத் தாண்டி வண்டி ஆரணிக்கு ஓடியது. ஏன் என்று வழியில் புரிந்தது.

“உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு தறிதானே? வீட்டுத் தறியில கை மாட்டிகிச்சுன்னு சொல்லிடு. செலவ நாங்க பாத்துக்கறோம். கம்பெனி பேரு வந்துதுன்னா அப்புறம் உனக்கு வேலை இல்ல.”

ஆரணி என்றால் எல்லாரும் தறிக்காரர்கள் என்பது அவர் நினைப்பு. நாங்கள் கூலிக்குப் போகிற குடும்பம். நான் தறிமேடையில் உட்கார்ந்ததே இல்லை. தறி என்று சொன்னால், வேலையில் அடிபட்டவனுக்குச் சேர வேண்டியது எதுவும் வராது. மெஷின் என்று சொன்னால் வேலை போகும். வீட்டில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். தலையாட்டி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் துணியைப் பிரித்த நர்ஸம்மா கேட்டார். “எப்படிண்ணா ஆச்சு?”

“தறியில மாட்டிகிச்சு சிஸ்டர்.”

“பட்டுத் தறியா?”

“ஆமா, பட்டுதான்.”

காயத்தைச் சுற்றித் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது.

“தறியில ஏதுண்ணா கிரீஸு? எங்கப்பா தறிக்காரரு. எண்ணெய்க் கையோட தறியில கட்டின பாவு நூலுகிட்ட போனா எங்களையே அடிக்க வருவாரு. உங்க புடவ எந்தக் கடைக்குப் போவுதுன்னு சொல்லுங்க, நான் அந்தப் பக்கமே போவல.”

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் குறுக்கே புகுந்தார். “பவர்லூம்மா அது.”

“இப்பதான் பட்டுத் தறின்னாரு. நீங்க இன்னா, அவரு மச்சானா?”

“இல்ல, கம்பெனியில...” என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

“சரி சார், கொஞ்சம் வெளிய இருங்க.” நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். “சம்பளத்துல காப்பீட்டுக்குப் பிடிக்கறாங்களாண்ணா?”

“பிடிக்கறாங்க.”

“அப்ப தறின்னு சொன்னீங்கன்னா போன விரலு போனதுதான். மெஷின்னா ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வரும். அடிபட்டு வைத்தியத்துல இருக்கறப்ப உங்கள வேலைய விட்டுத் தூக்கவும் கூடாது. டாக்டர் வந்துகினு இருக்காரு. நீங்கதான் சொல்லணும்.”

டாக்டர் வந்து கேட்டார். “கம்பெனியில சார். பவர் பிரஸ்,” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். நான் பயந்த ஆள் இல்லை; யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் அன்று என் தைரியம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

கம்பெனி முறைத்தது, வேலையை விட்டுத் தூக்க முடியவில்லை. காப்பீட்டு டாக்டர்கள் கையைப் பார்த்து இவ்வளவு ஊனம் என்று தீர்மானித்தார்கள். மாதாமாதம் வந்த அந்தப் பணம் சோற்றுக்கு ஆனதால்தான், பிறகு வேலையை நானாக உதறிவிட்டுச் சொந்தப் பட்டறை போட முடிந்தது.

பட்டறை திறந்ததும் இனிப்போடு நர்ஸம்மாவைத் தேடிப் போனேன். அவருக்கு என்னை ஞாபகமில்லை. “எவ்ளோ பேரு வராங்கண்ணா, யாரன்னு ஞாபகம் வச்சிக்கறது?” என்று சொல்லிவிட்டுக் கையை வாங்கித் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

“எங்க டாக்டர் தையல்தான். இன்னும் வலிக்குதா?”

“மழ வந்தா வலிக்கும்.”

“பென்ஷன்?”

“மொதல்ல பேஜார் பண்ணாங்க. இப்ப ஒழுங்கா வந்துகினு இருக்குது.”

“வுட்றாதீங்க,” என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.