ஆதிரனுக்கு எழுதியவள்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பியபோது காளீஸ்வரி கதையைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"சென்னையில ஒரு பள்ளிக்கூடம்," என்றாள், எஞ்சின் சத்தத்தையும் மீறி முன்சீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "அதுல மிதுனான்னு ஒரு பிள்ள பதினொண்ணாங்கிளாசுக்குப் புதுசா வந்து சேருது."

முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். எல்லோரும் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர்கள். மடியில் தூக்குவாளி, தலையில் கட்டிய துண்டு. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் பாதி ஜீப்பு தூங்கும். காளீஸ்வரி தோட்டத்துக்குப் போகிறவள் இல்லை. போடியில் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியில் தரையில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்பவள். ஜீப்பு ஓட்டுகிற சின்ராசுவின் மனைவி என்ற முறையில் அவளை அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஏன் ஏறியிருக்கிறாள் என்பது தெரியாது.

முன்சீட்டில் சின்ராசுவுக்குப் பக்கத்தில் அவர்களுடைய மகள் கார்த்திகா இருந்தாள். அவளும் பதினொன்றாம் வகுப்பு. காலடியில் துணிமணி அடைத்த பை. அவளைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருக்கும் தன் அக்காள் மருதாயி வீட்டில் விட்டுவிட்டு வரப் போகிறான் சின்ராசு. இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் இதைச் சொன்னான். சொன்னதை அவன் மாற்றி யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் இருந்த ஒரே நல்ல போன்தான் காரணம். பகலில் அது காளீஸ்வரியோடு கிட்டங்கிக்குப் போகும், மாலையில் பாடத்துக்காகக் கார்த்திகாவின் கைக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகா அதில் கதை படிக்கிற ஆப் ஒன்றை இறக்கினாள். தன் பெயரைப் போட்டு, யூனிபார்மில் எடுத்த போட்டோவையும் வைத்தாள். இரண்டு நாளில் சலித்து, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனாள். காளீஸ்வரி ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அதைத் தெரியாமல் தொட்டுவிட்டாள். திறந்த கதையில் ஒரு பையன் வகுப்புக்கு வெளியே முட்டிபோட்டுக்கொண்டிருந்தான். உள்ளே ஒருத்தி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் காளீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து அவள் பள்ளிக்கூடக் காதல் கதைகளை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். மாமியார் கதை, பேய்க் கதை, பழிவாங்குகிற கதை எல்லாம் வந்து விழும். தள்ளிவிடுவாள். இவளுக்கு வேண்டியது கேன்டீன், கெமிஸ்ட்ரி லேப், ஆண்டு விழா, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. கிட்டங்கியில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கும் செல்லத்தாய் என்ன அது என்று கேட்டபோது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். முப்பத்தொன்பது வயது ஆகிறது. வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அவள் படித்தது சிலமலையில், எட்டு வரைக்கும். பரீட்சை முடிந்த மறுவாரம் இதே ரோட்டில் வேறொரு ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போனாள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள். கதைகளில் அவளுக்குப் பிடித்தது, விட்டுப்போன படிப்பு இல்லை. அங்கே வருகிற துக்கத்தின் அளவு பிடித்திருந்தது. ஒருத்தி இரண்டு நாள் பேசவில்லை. ஒருவன் நோட்டைத் திருப்பித் தரும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு அத்தியாயம் முழுக்க மழை பெய்யும். அந்த மாதிரி துக்கத்தைப் படிக்கும்போது அவளுக்கு உடம்பு லேசாக இருக்கும்.

கதைக்குக் கீழே படிக்கிறவர்கள் எழுதலாம். எழுத்தாளருக்கு யாரும் எழுதுவதில்லை. கதையில் வருகிறவர்களுக்குத்தான் எழுதுவார்கள், ஏதோ பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களைப் போல. எழுதுகிற பெண்ணும் சிலசமயம் கதாநாயகன் பெயரிலேயே பதில் போடுவாள். அப்படித்தான் போன வாரம், மிதுனா கதையின் நாயகன் ஆதிரனுக்குக் காளீஸ்வரி எழுதினாள்: நாளைக்கு அவ அப்பா ஊர்ல இருக்க மாட்டார். லைப்ரரி பக்கம் வரச்சொல்லு. தைரியமா சொல்லிரு. நான் இருக்கேன். பதில் முந்தின நாள்தான் வந்தது. வருவேன், உங்களை நம்பித்தான் இருக்கேன், ஆதிரன். போன் அப்போது சார்ஜில் கிடந்தது. சின்ராசு எடுத்துப் பார்த்தான். மேலே கார்த்திகா என்று பெயர், பக்கத்தில் யூனிபார்மில் அவள் முகம், கீழே ஒருவன் வருகிறேன் என்கிறான். அப்பா ஊரில் இருக்க மாட்டார் என்று வேறு இருக்கிறது.

யார் என்ன என்று மகளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆதிரன் என்ற பெயரைக்கூடச் சொல்லவில்லை. கேட்டால் பொய் சொல்வாள் என்று நினைத்தான். போனில் கூத்தடிக்கிறாயா, துணியை எடுத்து வை என்று மட்டும் சொன்னான். காளீஸ்வரி அவனைத் தனியே கூப்பிட்டு, எழுதியது நான்தான், அது கதை என்றாள். அவன் நம்பவில்லை, போனையும் தரவில்லை.

"பிள்ளைக்குப் பரிஞ்சுக்கிட்டு பேசாத. நாப்பது வயசுக்காரி பள்ளிக்கூடத்துப் பயலுக்கு எழுதுவாளாக்கும்."

அவளிடம் இருந்த சாட்சி கதை மட்டும்தான். முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்று விடாமல் அவளால் சொல்ல முடியும். அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி காளி, காலங்காத்தால என்னடி கத?" என்றாள் குருவம்மாள். ஜீப்பில் இருப்பவர்களில் மூத்தவள் அவள்தான்.

"கேளுங்க பெரியம்மா. வாத்தியாரு அந்தப் பிள்ளையக் கொண்டுபோயி ஆதிரன்ங்கற பய பக்கத்துல உக்கார வைக்கிறாரு."

"பயலுக பக்கத்துலயா? வாத்தியாரே வைக்கிறாரா?"

"ஆமா. அப்பத்தான் ரெண்டும் பேசாம இருக்கும்னு."

இரண்டு பேர் சிரித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தி என்ன என்று விழித்துக் கேட்டாள். காளீஸ்வரி பரீட்சை ஹாலில் பேனா தீர்ந்துபோனதைச் சொன்னாள், ஆண்டு விழா நாடகத்தில் இருவருக்கும் அண்ணன் தங்கை வேஷம் கொடுத்ததைச் சொன்னாள். அது என்ன பாவம் என்று ஒருத்தி ஆதிரனுக்காக வருத்தப்பட்டாள். இரண்டு பேரும் ஒரே சாதி ஆட்கள்தானா என்று இன்னொருத்தி விசாரித்தாள். அதெல்லாம் கதையில் போடவில்லை என்றாள் காளீஸ்வரி. அதைப் போடாமல் எப்படிக் கதை எழுதினாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"கட்டிக்கிட்டாகளா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்கக்கா," என்றாள் செல்லக்கிளி. போன ஆவணியில் கல்யாணமானவள்.

"கட்டிக்கிறதா? அவன் இன்னும் வாயே தெறக்கல."

"எம்புட்டு நாளா வருது கத?"

"தீவாளிக்கு முன்ன இருந்து."

"இத்தன மாசமா வாயத் தெறக்காதவன வச்சு என்னத்த எழுதுறா?"

புலியூத்தைத் தாண்டியதும் குளிர் ஏறியது. சின்ராசு திரும்பிப் பார்க்கவில்லை. கார்த்திகா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள், கேட்கிறாளா என்று தெரியவில்லை. இனிமேல் சொல்ல வேண்டியதுதான் கஷ்டமானது என்று காளீஸ்வரிக்குத் தெரியும். சொன்னால் நாளைக்குக் காலையில் சிலமலை, ராசிங்காபுரம், போடி எல்லா இடத்திலும் தெரிந்துவிடும். தூக்குவாளிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"எனக்குப் பொறுக்கல. அந்தப் பிள்ளையோட அப்பா ஊர்ல இல்லாத நாளாப் பாத்து லைப்ரரிக்கு வரச்சொல்லு, தைரியமாச் சொல்லிரு, நான் இருக்கேன்னு ஆதிரனுக்கு எழுதிப் போட்டேன்."

"யாரு எழுதுனா?" என்றாள் குருவம்மாள்.

"நான்தான்."

"கதையில இருக்கவனுக்கா?"

"ஆமா."

"அவன் என்ன சொன்னான்?"

"வர்றேன்னு பதில் போட்டான்."

செல்லக்கிளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள்.

கார்த்திகா முன்சீட்டில் திரும்பி முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எதுல எழுதுன?"

"போன்லதான்."

"என் ஐடியிலயா? என் பேரு, என் போட்டோ எல்லாம் இருக்கே, அதுலயா?"

காளீஸ்வரி தலையை ஆட்டினாள்.

"அத எட்டாங்கிளாஸ் பிள்ளைகதான்மா படிக்கும். எங்க கிளாஸ்ல எவளாச்சும் பாத்திருந்தா நான் எப்படிம்மா பள்ளிக்கூடத்துக்குப் போவேன்?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நேற்று இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை என்றபோது அழாதவள். சின்ராசு எதிரே இறங்கி வந்த லாரிக்கு ஒதுங்கி நிறுத்தினான். லாரி போன பிறகும் எடுக்கவில்லை.

"ஆதிரன் யாருன்னு ஒனக்குத் தெரியாதா ஆத்தா?" என்று மகளைக் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? அம்மாவக் கேளுங்க."

அவன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான். அதற்குமேல் மெட்டு வரும்வரை யாரும் கதை கேட்கவில்லை.

போடிமெட்டில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் டீக்கு நிறுத்தினான். பெண்கள் இறங்கிக் கடைக்குப் போனார்கள். சின்ராசு கிளாசோடு காளீஸ்வரி பக்கத்தில் வந்து நின்றான். பள்ளத்தில் மேகம் நிறைந்திருந்தது, போடி தெரியவில்லை.

"அந்தப் பிள்ளையோட அப்பன் என்ன சோலி பாக்குறான்?"

"மிதுனா அப்பாவா? பேங்க்ல மேனேஜரு."

அவன் டீயைக் குடித்து முடித்தான்.

"நேத்தே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"நேத்துச் சொன்னேன்."

"சொல்ற மாதிரிச் சொல்லணும்."

தன் போனை எடுத்து மருதாயியைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறதாம், பிறகு பார்ப்போம் என்றான். அங்கிருந்து அவள் ஏதோ நீளமாகக் கேட்டாள். அவன் ம், ம் என்று மட்டும் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து வீட்டுப் போனை எடுத்துக் கார்த்திகாவிடம் கொடுத்தான், காளீஸ்வரியிடம் கொடுக்கவில்லை. ஆட்களை வேலை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நீங்கள் பஸ்சைப் பிடித்து இறங்குங்கள் என்றான். துணிப்பையைக் கீழே இறக்கி வைத்தான்.

ஜீப்பு கிளம்பும்போது குருவம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பய லைப்ரரிக்கு வந்தானா இல்லையா, அதச் சொல்லாம எறங்குற?"

"நாளைக்குத்தான் போடுவாக பெரியம்மா."

மூணாறிலிருந்து வந்த பஸ்சில் இடம் இருந்தது. கார்த்திகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு வளைவு இறங்கியதும் சிக்னல் வந்தது. அவள் ஆப்பைத் திறந்து, அம்மா எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக எழுதியது, நிறைய இருந்தது. சில இடங்களில் நிறுத்திப் படித்தாள். மிதுனாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைக்கிற விதம் எழுதியிருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பிறகு கணக்கை நீக்கலாமா என்று கேட்ட இடத்தில் ஆம் என்பதைத் தொட்டாள்.

"அழிச்சிட்டேன்," என்றாள்.

"சரி," என்றாள் காளீஸ்வரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சின்ராசு விடியுமுன் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். கார்த்திகா எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடம் போனாள். காளீஸ்வரி போனை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்னால் வந்திருந்தது. செல்லத்தாய் நகர்ந்து இடம் விட்டு, "வாங்க பதினொண்ணாங்கிளாசு," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்து வெடித்த காயைத் தனியாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆப்பைத் திறந்தாள். புது அத்தியாயம் வந்திருந்தது, தலைப்பு மட்டும் தெரிந்தது. பதிவு செய்யாதவர்கள் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படிக்கலாம் என்று இருந்தது. பதிவு செய்ய மின்னஞ்சல் கேட்டது, அவளிடம் இல்லை. முதல் அத்தியாயத்தைத் தொட்டாள். மிதுனா புது யூனிபார்மில் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அதைப் படித்து முடிப்பதற்குள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மழை பெய்தது. சாயங்காலம் கார்த்திகா வந்து போனைக் கேட்டாள். கொடுத்தாள்.