சித்தப்பாவின் மணி

என் சித்தி பதினோரு வருடம் வெளிநாட்டில், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தார். படுக்கை விரிப்பை இயந்திரத்திலிருந்து எடுத்து உதறி, மடித்து அடுக்க அவருக்கு இருபது நொடி போதும். நான் மடித்த போர்வையைக் கண்டால், "இதை மடிச்சியா, கசக்கினியா?" என்பார்.

நான்கு மாதத்துக்கு முன் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏழு வயது மகளுக்குச் செல்லப் பெயர் சுண்டெலி. ஐந்து வயது மகன் சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டு வந்து இறங்கியதால், அன்று முதல் பொட்டலம். சித்தப்பா அங்கேயே ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அவர் ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது.

சித்தி வேலையை விட்டுவிட்டு வரவில்லை, நீண்ட விடுப்பில்தான் வந்திருந்தார். திரும்பி வருகிறாரா இல்லையா என்று ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வீடு ஒட்டினால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது என்பதுதான் அவர் முடிவு. சுண்டெலியோ தினமும், "நம்ம வீட்டுக்கு எப்போம்மா போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தி ஜனவரி ஒன்றை நம்பியிருந்தார். எங்கள் குடும்பத்தில் அந்த நாளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அம்மாவும் சித்தியும் சிறுமிகளாக இருந்தபோது அவர்களுடைய அப்பா ஓர் ஆலையின் வருகைப் பதிவு அறையில் வேலை பார்த்தார். ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசற்கதவைச் சாத்திவிடும் ஆலை அது. வருடத்தில் அது மூடும் ஒரே நாளில், அவர் வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாராம். பசித்தால் சாப்பாடு, தூக்கம் வந்தால் தூக்கம். வாய் தவறி யாராவது "மணி என்ன?" என்று கேட்டுவிட்டால், அன்றைய பாத்திரம் முழுக்கத் தேய்ப்பது கேட்டவர் தலையில். நாங்கள் இன்றும் அப்படித்தான். இப்போது செல்போன்களும் இழுப்பறைக்குள் போகின்றன.

இதையெல்லாம் பதினோரு வருடம் சித்தி போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி. ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு ஏது விடுமுறை? அதனால் இந்த முறை பிள்ளைகளுக்கு எதுவும் குறையக் கூடாது என்று பெரிய தாளில் ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். அம்மா அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏண்டி, கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற நாளுக்கு டைம்டேபிளா?"

"எதுவும் விட்டுப்போகக் கூடாதுல்லக்கா."

"பத்தே காலிலிருந்து பத்து நாப்பது வரைக்கும் சும்மா இருத்தல்னு போட்டிருக்கே!"

"அதுவும் வேணும்ல?"

"பத்து நாப்பத்தொண்ணுக்கு விசில் ஊதுவியாம்மா?" என்றார் அப்பா. அவர் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர். எதையும் கிண்டல் செய்யாமல் அவருக்கு நாள் விடியாது.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை கண்ணாமூச்சியும் கதையும் அட்டவணைப்படியே நடந்தன. ஆனால் சுண்டெலி ஓயாமல் "மணி என்ன?" என்று கேட்டாள். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். நான்காவது தடவை சித்தியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேக்காம இருக்க முடியாதா உன்னால?"

சுண்டெலி கையிலிருந்த வண்ணப் பென்சில்களை வீசி எறிந்தாள். "இது லீவே இல்ல, ஸ்கூல்! எனக்குப் பிடிக்கல. நம்ம வீட்டுக்குப் போவோம்." படுக்கையறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சித்தி பென்சில்களைப் பொறுக்கி மேசையில் வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தார். "அஞ்சாம் தேதி வரைக்கும் எதுக்குக்கா இழுக்கணும்? வர்றேன்னு இப்பவே சொல்லிடறேன்."

"அக்கா நம்ம மணியைக் கேக்கலம்மா" என்றான் பொட்டலம், வாய் நிறைய பிஸ்கட்டோடு. "அப்பா மணியைக் கேக்கறா."

"என்னடா சொல்றே?"

"அங்க நம்ம சமையல்கட்டுல ரெண்டு கடிகாரம் இருந்துச்சுல்ல? ஒண்ணு நமக்கு, ஒண்ணு பெரியம்மா வீட்டுக்கு. அதைப் பாத்துட்டு, இப்போ பெரியப்பா குறட்டை விடுவார்னு அக்கா சொல்லுவா. இங்கதான் அப்பாவுக்குக் கடிகாரமே இல்லையே."

அந்த இரண்டாவது கடிகாரத்தை மாட்டியவரே சித்திதான். போனை மறுபடியும் உள்ளே வைத்துவிட்டு, என் அப்பாவின் அலாரம் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலில் போய் உட்கார்ந்தார்.

"சுண்டெலி, அப்பாவுக்கு இப்போ மணி என்ன இருக்கும்?"

கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது. "உன் பாக்கெட்டுல வாட்ச் இருக்கு. நீ மட்டும் பாத்துப் பாத்துதானே எல்லாம் பண்றே?"

"அடிப்பாவி! ஊருக்குத்தான் உபதேசமா?" என்று அம்மா கத்தினார். சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாட்சை எடுத்து மகள் கையில் கொடுத்தார். சுண்டெலி விரல் மடக்கி ஐந்தரை மணி நேரம் பின்னால் எண்ணினாள்.

"அஞ்சு. தூங்கறார்."

அலாரம் கடிகாரத்தின் முள்ளை ஐந்துக்குத் திருப்பி, அலமாரியின் நடுவில், எங்களைப் பார்த்தபடி நிறுத்தினாள். சித்தி அட்டவணையைப் பிய்த்து, அதன் பின்பக்கத்தைப் பொட்டலத்துக்குப் படம் வரையக் கொடுத்தார். புதுச் சட்டம் ஒன்றும் பிறந்தது: அப்பா மணியைக் கேட்கலாம், நம் மணியைக் கேட்கக் கூடாது.

"அஞ்சோட அஞ்சரையைக் கூட்டினா..." என்று என் அப்பா முணுமுணுத்தார்.

"பெரியப்பா அவுட்!" என்று கூவினாள் சுண்டெலி.

அந்தக் கடிகாரத்தில் ஆறரை ஆனதும் சுண்டெலியே போனை எடுத்து அழைத்தாள். கலைந்த தலையோடு சித்தப்பா திரையில் தெரிந்தார். பொட்டலம் அலாரத்தைத் தூக்கிக் காட்டி, "இதாம்பா நீங்க!" என்றான்.

"நானா? மீசையைக் காணோமேடா!"

சுண்டெலி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, இங்க உங்க கடிகாரம் மட்டும்தான் திரும்பாம இருக்கு. அடுத்த வருஷம் நீங்க இங்க வந்துடுவீங்கல்ல? அப்போ அதையும் திருப்பிடலாம். ஆனா அம்மா டைம்டேபிள் போடக் கூடாது."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போடலடி" என்றார்.

மறுநாள் காலை அவர் மேற்பார்வையாளருக்கு இரண்டே வரி எழுதினார். அனுப்பும்முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். பிழை எதுவும் இல்லை. அனுப்பியதும், "நாளைக்கு இவங்க ரெண்டு பேருக்கும் இங்க ஸ்கூல் ஃபாரம் வாங்கப் போகணும், நீயும் வா" என்றார்.